ஃபீச்சர் (கதைபோல விரித்துச் சொல்லும் செய்திக் கட்டுரை) எழுத வருகிறவர்களுக்கு: காட்சியைக் களத்திலேயே சேகரிப்பது எப்படி?

1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட 'நியூயார்க்கர்' என்ற அமெரிக்க இதழை வாங்கியவர்களுக்கு உள்ளே படிக்க ஒரே ஒரு கட்டுரைதான் கிடைத்தது. ஹிரோஷிமாவைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்சி எழுதிய நீண்ட கட்டுரை அது. இதழின் மொத்த இடத்தையும் அதற்கே கொடுத்திருந்தார்கள். அணுகுண்டு விழுந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. குண்டின் சக்தி என்ன, எத்தனை கட்டிடம் இடிந்தது, அதன் பின்னால் இருக்கும் அறிவியல் என்ன என்பதையெல்லாம் பத்திரிகைகள் ஏற்கெனவே எழுதியிருந்தன. ஹெர்சி உயிர் பிழைத்த ஆறு பேரை மட்டும் எடுத்துக்கொண்டார். காலை எட்டே கால் மணி. தோஷிகோ சசாகி என்ற இளம்பெண், தான் வேலை பார்க்கும் தொழிற்சாலை அலுவலகத்தில் இப்போதுதான் வந்து உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஏதோ பேசத் தலையைத் திருப்புகிறார். கட்டுரை அங்கே தொடங்குகிறது.

படித்தவர்கள் நடையைப் பாராட்டுவார்கள். எழுத வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. ஹெர்சி அந்த அறையில் இல்லை. அவர் ஜப்பானுக்குப் போனதே 1946 மே மாதத்தில், குண்டு விழுந்து ஒன்பது மாதம் கழித்து. அப்படியானால் அந்தப் பெண் தலையைத் திருப்பியது அவருக்கு எப்படித் தெரிந்தது? கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். "அந்த நொடியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டு, வந்த பதிலோடு நிற்காமல் மேலும் கேட்டிருக்கிறார். அந்தத் தகவல் அவருடைய நோட்டில் இருந்ததால்தான் அந்த வாக்கியம் அமைந்தது.

காட்சி, பாத்திரம், உரையாடல், அடுத்து என்ன நடக்கும் என்ற எதிர்பார்ப்பு ஆகியவையெல்லாம் சிறுகதையிலிருந்தும் நாவலிலிருந்தும் ஃபீச்சருக்கு வந்தவை. ஆனால் கதாசிரியர் கற்பனையிலிருந்து எடுப்பதை நிருபர் பார்த்தும் கேட்டும்தான் எடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கதை உத்தியும் முதலில் களத்தில் கேட்கும் ஒரு கேள்வியாக மாற வேண்டும். ஊர் திரும்பி டெஸ்க்கில் உட்கார்ந்த பிறகு எந்த நடையாலும் அதைச் சேர்க்க முடியாது. கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் எழுதுவதற்கு முந்தைய வேலையாக இருப்பது இதனால்தான்.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதும்படி உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

படி 1: பொருளைக் கதையாக்குங்கள்

"உப்பளத் தொழிலாளர்களின் நிலை" என்பது ஒரு பொருள். அதை வைத்துப் பேட்டி எடுக்கலாம், புள்ளிவிவரம் கொடுக்கலாம். வாசகரைக் கடைசி வரி வரை கூட்டிப்போக அது போதாது. யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது, அதற்குத் தடையாக ஏதோ நிற்கிறது, அவர் அதற்காக எதையோ செய்கிறார், கடைசியில் நிலைமை கொஞ்சமாவது மாறியிருக்கிறது. இவ்வளவும் இருந்தால்தான் கதை.

அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் பெரிய பரிசான புலிட்சர், ஃபீச்சர் எழுத்துக்கு 1979-ல்தான் தொடங்கியது. முதல் பரிசைப் பெற்றவர் 'பால்டிமோர் ஈவினிங் சன்' நாளிதழின் ஜான் ஃப்ராங்க்ளின். சிக்கலும் அதன் தீர்வும்தான் கதையின் எலும்புக்கூடு என்று பின்னாளில் அவர் பாடமே எடுத்தார். பரிசு பெற்ற கட்டுரை ஒரு மூளை அறுவை சிகிச்சையைப் பற்றியது. மருத்துவர் ஒரு பெண்ணின் மூளையில் சிக்கிக் கிடக்கும் ரத்தக் குழாய்களை எடுக்கப் பார்க்கிறார். முடியவில்லை. நோயாளி பிழைக்கவில்லை. தோற்றதை ஏற்றுக்கொண்டு அந்த மருத்துவர் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதோடு கட்டுரை முடிகிறது. தீர்வு என்றால் வெற்றிதான் என்று நினைத்துவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். தோல்வியை ஒருவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதும் தீர்வுதான்.

நம் உப்பளத்துக்கு வருவோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அதற்குள் மகளின் கல்லூரிக் கட்டணத்தைச் சேர்த்தாக வேண்டிய ஓர் அம்மா அங்கே இருக்கக்கூடும். இருந்தால், அவருக்கு வேண்டியது என்ன என்று தெரியும், தடை என்ன என்று தெரியும், கெடு எப்போது என்பதும் தெரியும். இது அனுமானம்தான். களத்துக்குப் போனால் அது பொய்யாகலாம். அப்படியானால் அதைக் கைவிட்டுவிட்டு, அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மனதில் தயாராக வைத்திருக்கும் கதைக்குப் பொருந்தும் ஆளைத் தேடிப் போவது இந்தத் தொழிலில் மிகவும் ஆபத்தான பழக்கம்.

சில சமயம் கதை ஆளிடம் இல்லாமல் ஒரு பொருளிடம் இருக்கும். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அதைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், எழுதப் படிக்கக் கற்ற பெண்களின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதையும், அதனால் அவர்களுடைய நாள் எப்படி மாறியது என்பதையும் எழுதினார். அதில் ஒரு சின்ன விவரம் வரும். பெண்களுக்கான சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையும் ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. காரணம், முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். சுதந்திரம், தாய்மை, வேலைப்பளு என்று மூன்று பத்தி விளக்கினாலும் அந்தக் கம்பி சொல்லும் அளவுக்குச் சொல்ல முடியாது.

படி 2: போகும் முன் படித்துவிடுங்கள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு என்பது போன்ற அடிப்படைத் தகவல்கள், குறைந்தபட்சக் கூலி அறிவிப்பு, மழைக்கால நிவாரணம் பற்றிய அரசாணை, தொழிற்சங்கத்தின் கோரிக்கை, இதற்கு முன் வந்த கட்டுரைகள் ஆகியவற்றை ஊரிலேயே படித்துவிட்டுப் போங்கள். "உப்பு எப்படி எடுப்பார்கள்?" என்று கேட்டுத் தொழிலாளியின் நேரத்தை வீணாக்குவது மரியாதை அல்ல. அடிப்படை உங்களுக்குத் தெரியும் என்று புரிந்தால் அவர்களும் அடுத்த அடுக்குக்கு வந்து பேசுவார்கள்.

படி 3: யாரைப் பின்தொடர்வது?

மிக அதிகமாகக் கஷ்டப்படுகிறவரைத் தேடிப் பிடிப்பது புதியவர்களின் இயல்பு. அப்படி எழுதும் கட்டுரையில் அவர் ஒரு பரிதாபச் சின்னமாகிவிடுகிறார், மனிதராக மிஞ்சுவதில்லை. நான் தேடச் சொல்வது வேறு மாதிரி ஆளை. முடிவெடுக்கிறவராக இருக்கட்டும். கோபமோ பிடிவாதமோ சிரிப்போ உள்ளவராக இருக்கட்டும். அவரோடு நடந்தால் உப்பளம், கடை, சங்க அலுவலகம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பல இடங்களுக்கு உங்களால் போக முடிய வேண்டும். அவர் வாழ்க்கையே உங்களுக்குப் பாதை போட்டுத் தரும்.

ஹெர்சி எடுத்த ஆறு பேரைப் பாருங்கள். ஓர் அலுவலக ஊழியர், இரண்டு மருத்துவர்கள், கணவரைப் போரில் இழந்து மூன்று குழந்தைகளோடு தையல் வேலை பார்த்த ஒரு பெண், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானிய மெதடிஸ்ட் போதகர். நகரத்தின் வெவ்வேறு மூலையில் இருந்தவர்கள். மருத்துவர் வழியாக மருத்துவமனை வருகிறது. தாயின் வழியாகத் தெருவும் வீடும் வருகின்றன. ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே நகரம் முழுவதும் கட்டுரைக்குள் வந்துவிட்டது.

எல்லோரும் ஒரு பக்கம் பார்க்கும்போது மறு பக்கத்தில் நிற்பவரைத் தேடுவதும் ஒரு வழி. 1963 நவம்பரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு இறுதிச் சடங்கு நடந்தபோது உலகத்தின் நிருபர்கள் எல்லாம் வாஷிங்டனில் இருந்தார்கள். 'நியூயார்க் ஹெரால்டு ட்ரிப்யூன்' நாளிதழின் ஜிம்மி பிரெஸ்லின், ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் கென்னடிக்குக் குழி தோண்டிய தொழிலாளியைத் தேடிப் போனார். அவருக்கு மணிக்கு 3.01 டாலர் கூலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி செய்துகொடுத்த முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு வேலைக்கு அழைப்பு வருகிறது. பத்திரிகைப் பள்ளிகளில் இதைப் 'புதிய கோணம்' என்பதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கோணத்தைவிடக் கூலியும் காலைச் சாப்பாடும் முக்கியமாகப் படுகின்றன. கோணம் யாருக்கும் தோன்றலாம். ஒரு ஜனாதிபதியின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது, "உங்களுக்கு மணிக்கு என்ன கூலி?" என்று கேட்கத் தோன்றியதே, அதுதான் வேலை.

முக்கியமான ஆள் பேச மறுத்துவிட்டால்? கே டலீஸ் 'எஸ்குவயர்' இதழுக்காகப் பாடகர் ஃப்ராங்க் சினாட்ராவைப் பார்க்கப் போனார். சினாட்ரா பேட்டி கொடுக்கவில்லை. டலீஸ் அவரைச் சுற்றியிருந்தவர்களிடம் பேசினார், அவரைத் தூரத்திலிருந்து கவனித்தார், 1966-ல் கட்டுரை வந்தது. இன்றும் அதைப் பாடமாக வைக்கிறார்கள். உப்பள முதலாளி பேச மாட்டேன் என்றால் கணக்குப்பிள்ளை, லாரி ஓட்டுநர், மூட்டை தைக்கிறவர் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் முதலாளியிடம் கேட்டதையும் அவர் மறுத்ததையும் கட்டுரையில் சொல்லியாக வேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒப்புதல் கேளுங்கள். "கட்டுரை வரும், உங்கள் பெயர் வரலாம், படம் வரலாம், மேஸ்திரியும் படிப்பார், பரவாயில்லையா?" என்று முழுசாகச் சொல்லிக் கேளுங்கள். பத்திரிகையில் பெயர் வந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குப் பல சமயம் தெரிந்திருக்காது. அதைச் சொல்லவேண்டிய கடமை உங்களுடையது.

படி 4: களத்தில் பார்ப்பது

நோட்டின் இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது மட்டும் இருக்கட்டும். வலது பக்கத்தில் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். "சோர்வாக இருந்தார்" என்பது வலது பக்கம். "பாத்தி வரப்பில் உட்கார்ந்து, கால் விரல்களுக்கு நடுவே இருந்த உப்பைக் குச்சியால் எடுத்தார்" என்பது இடது பக்கம். கட்டுரைக்குள் போகவேண்டியது பெரும்பாலும் இடது பக்கம்தான். அதைப் படித்தால் சோர்வு வாசகருக்குத் தானாகத் தெரியும்.

எதையெல்லாம் குறித்துக்கொள்வது? நேரத்தை மறக்க வேண்டாம். தூத்துக்குடியில் வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே உப்பள வேலை தொடங்கிவிடுகிறது. எத்தனை மணிக்கு வந்தார்கள், முதல் டீ எப்போது, சூரியன் வந்தபோது எவ்வளவு வேலை முடிந்திருந்தது? கருவிகளின் பெயர் முக்கியம். உப்பை வாரும் பலகைக்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டு, அவர்கள் சொல்லும் பெயரையே எழுதுங்கள். தூரம், எடை, விலை ஆகியவற்றைக் கேளுங்கள். ஒரு கூடை எத்தனை கிலோ? பாத்தியிலிருந்து குவியல் எத்தனை அடி? ஒலியும் வாசனையும் பலர் மறந்துவிடுகிறவை. ஃப்ராங்க்ளினின் அறுவை சிகிச்சைக் கட்டுரையில் நோயாளியின் இதயத் துடிப்பைக் காட்டும் கருவியின் 'பாப்... பாப்...' ஒலி திரும்பத் திரும்ப வருகிறது. அது வேகம் மாறும்போது நமக்கு மூச்சு முட்டுகிறது. கட்டுரையின் பதற்றத்தை அவர் ஒரு கருவியின் ஒலியிலிருந்து எடுத்திருக்கிறார். அறைக்குள் நின்று அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டதால் எடுக்க முடிந்தது.

விவரம் நிறையச் சேர்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டத் தோன்றும். வேலை செய்யாத விவரத்தைக் கழித்துவிடுங்கள். அதே கட்டுரையில் மருத்துவர் காலைச் சாப்பாட்டில் காபியைத் தவிர்க்கிறார். காபி குடித்தால் கை நடுங்கும். அந்த விவரம் முதல் பத்தியிலேயே, வரப்போவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று சொல்லிவிடுகிறது. சட்டை நிறத்தைச் சொன்னால் அதனால் வாசகருக்கு என்ன தெரியவருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் அந்த நிறம் வேண்டாம்.

அப்புறம், செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிரசுரிக்க இல்லை, நினைவுக்கு. சுவரில் தொங்கிய காலண்டர் எந்தக் கடை கொடுத்தது என்பது வீடு திரும்பிய பிறகுதான் தேவைப்படும்.

படி 5: பார்க்காத காட்சியைக் கேட்டு வாங்குவது

கட்டுரையின் முக்கியமான சம்பவம் பெரும்பாலும் நீங்கள் போவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். "அப்போது எப்படி இருந்தது?" என்று கேட்டால் "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். கேள்வி அப்படி. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்த நேரத்தில் எங்கே நின்றீர்கள்? கையில் என்ன இருந்தது? வெளிச்சமா, இருட்டா? யார் முதலில் பேசியது? என்ன வார்த்தை சொன்னார்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? முடிந்தால் சம்பவம் நடந்த இடத்துக்கே அவரைக் கூட்டிப்போய்க் கேளுங்கள். இடம் நினைவைக் கிளப்பும்.

இப்படிக் கேட்பதன் பலன் நடையில் மட்டும் தெரியும் என்று நினைக்காதீர்கள். 1955-ல் கொலம்பியக் கடற்படையின் 'கால்தாஸ்' என்ற கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். லூயிஸ் அலெஹாந்த்ரோ வெலாஸ்கோ மட்டும் பத்து நாள் ஒரு மிதவையில் கிடந்து பிழைத்தார். புயல்தான் காரணம் என்று அரசு சொன்னது. அவர் நாட்டின் நாயகனாகி, விளம்பரங்களில் எல்லாம் வந்து, எல்லோரும் கேட்டுச் சலித்த பிறகுதான் 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழுக்கு வந்தார். அங்கே நிருபராக இருந்த கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் அவரோடு உட்கார்ந்தார். தினம் ஆறு மணி நேரம், இருபது அமர்வுகள். முரண்பாடு வருகிறதா என்று பார்க்க இடையிடையே வேண்டுமென்றே சிக்கலான கேள்விகளையும் கேட்டார். ஒருநாள் புயலை விவரிக்கச் சொன்னபோது, புயலே இல்லை என்றார் வெலாஸ்கோ. பலத்த காற்றில் கப்பல் சாய்ந்தது. மேல்தளத்தில் கட்டியிருந்த சரக்கு அவிழ்ந்து, ஆட்களையும் இழுத்துக்கொண்டு கடலில் விழுந்தது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், டிவி என எல்லாமே கடத்தல் பொருள். போர்க்கப்பலில் அவற்றை ஏற்றவே கூடாது.

பதினான்கு நாள் தொடராக வந்த அந்தக் கட்டுரை அன்றைய ராணுவ ஆட்சியைக் கோபப்படுத்தியது. அரசு மறுத்தது. நாளிதழ் மற்ற மாலுமிகளைத் தேடிப் பிடித்து, கப்பலில் அவர்கள் எடுத்த படங்களை வாங்கிப் பிரசுரித்தது. பின்னணியில் பெட்டிகள் தெரிந்தன. புலனாய்வு செய்யப் போய்க் கிடைத்த செய்தி இல்லை இது. ஒரு காட்சியைச் சரியாக எழுத வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டதில் வெளிவந்தது. கதை சொல்வது ஒரு பக்கம், செய்தி சேகரிப்பது மறு பக்கம் என்று பிரித்துப் பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

அந்தப் படங்கள் செய்த வேலையை நீங்களும் செய்ய வேண்டும். நினைவு நேர்மையானவரிடமும் பிசகும். "அன்றைக்கு நல்ல மழை" என்றால் மழைப் பதிவைப் பாருங்கள். "உடனே தம்பிக்கு போன் பண்ணேன்" என்றால், தம்பியிடம் கேளுங்கள், முடிந்தால் போனில் இருக்கும் அழைப்புப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவமனைச் சீட்டு, அடகு ரசீது, கூலி நோட்டு என்று தாளில் இருப்பவற்றைத் தேடுங்கள்.

துக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது வேகம் வேண்டாம். அழுதால் நோட்டை மூடிவிட்டு அமைதியாக உட்காருங்கள். தொடரலாமா, இன்னொரு நாள் வரட்டுமா என்று அவர்களையே முடிவெடுக்க விடுங்கள். எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும், ஒருவரை மறுபடி அந்த நாளுக்குள் தள்ளி எடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

படி 6: பேச்சை எழுதுவது

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே தனியாகச் சில சிக்கல்கள் உண்டு. கட்டுரை எழுத்துத் தமிழில் இருக்கும், மேற்கோளுக்குள் பேச்சுத் தமிழ் வரும். அது சரிதான். ஆனால் பல கட்டுரைகளில் தொழிலாளி மட்டும் "வந்தாவ, போனாவ" என்று பேசுவார், அதிகாரி "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று அச்சுத் தமிழில் பேசுவார். அதிகாரியும் அதே ஊர்க்காரராக இருந்து, நேரில் அதே வழக்கில்தான் பேசியிருப்பார். ஒருவர் பேச்சை அப்படியே விட்டு, மற்றவர் பேச்சைத் திருத்தினால், யார் படித்தவர், யார் படிக்காதவர் என்று நாமே முத்திரை குத்துகிறோம். இருவரையும் ஒரே மாதிரி நடத்துங்கள். இருவரும் பேசியபடி எழுதுங்கள், அல்லது இருவர் பேச்சையும் எழுத்து நடைக்குக் கொண்டுவாருங்கள்.

வட்டார வழக்கை எழுதும்போது காது நம்பகமாக இருக்க வேண்டும். ரெக்கார்டரைப் போட்டுக் கேட்டு எழுதுங்கள். திரைப்படத்தில் கேட்ட நெல்லைத் தமிழை உப்பளத்து அக்கா வாயில் திணித்தால் அந்த ஊர்க்காரர் முதல் வரியிலேயே கட்டுரையை மூடிவிடுவார்.

மரியாதை விகுதியும் அப்படித்தான். முதலாளி 'சொன்னார்', கூலிக்காரப் பெண் 'சொன்னாள்' என்று எழுதும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. வயது வந்த எல்லோருக்கும் 'ஆர்' விகுதி போடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் போடுங்கள்.

மேற்கோள் குறைவாக இருப்பது நல்லது. தகவலை உங்கள் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அவரால் மட்டுமே சொல்லக்கூடிய வரியை மேற்கோளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்க முடிந்தால் அதற்குத் தனி மதிப்பு. நிருபருக்குச் சொன்ன பதிலைவிட, மேஸ்திரியிடம் கூலி கேட்கும்போது அவர் பேசியது அவரை நன்றாகக் காட்டும்.

படி 7: அடுக்குவது

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் உங்களிடம் இருக்கும் காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். "விடியற்காலை உப்பளம்", "கூலி வாங்கும் சனிக்கிழமை", "கல்லூரி அலுவலகத்தில் கட்டணம்", "முதல் மழை". மூன்று காட்சிகூட இல்லை என்றால் மறுபடி களத்துக்குப் போக வேண்டும். எழுதிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

தொடங்குவதற்கு எந்தக் காட்சி? மிக உருக்கமானதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். கட்டுரையின் கேள்வியை எழுப்பும் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். உருக்கமானது பின்னால் வந்தால்தான் கனக்கும். தொடக்கக் காட்சி இரண்டு மூன்று பத்தி போனதும், இது எதைப் பற்றிய கட்டுரை, இப்போது ஏன் படிக்க வேண்டும் என்று ஒரு பத்தியில் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் இதை 'நட் கிராஃப்' என்பார்கள். அது இல்லாவிட்டால், அழகான காட்சிகளைக் கடந்துபோகும் வாசகர் "சரி, இப்போ என்ன சொல்ல வர்றீங்க?" என்று நின்றுவிடுவார்.

அதன் பிறகு காட்சியும் விளக்கமும் மாறி மாறி வரும். விளக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வாசகர் மனதில் கேள்வி எழும் இடத்தில் வையுங்கள். அந்த அக்கா கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்துகொள்கிறார் என்றால், "இவ்வளவுதானா? சட்டப்படி எவ்வளவு?" என்று வாசகர் கேட்பார். குறைந்தபட்சக் கூலி பற்றிய அரசாணை அங்கே வரட்டும். இதையே மூன்றாம் பத்தியில் போட்டிருந்தால் எண்ணாக மட்டும் இருந்திருக்கும்.

எதிர்பார்ப்பை உண்டாக்க முடிவை மறைக்க வேண்டும் என்பதில்லை. ஹிரோஷிமாவில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். அந்த ஆறு பேரும் பிழைத்தார்கள் என்பதையும் ஹெர்சி ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். எப்படிப் பிழைத்தார்கள் என்பதற்காகத்தான் படிக்கிறோம். ஒரே காலை நேரத்தை ஒவ்வொருவர் வழியாகவும் திரும்பச் சொல்லி, குண்டு வெடிக்கும் நொடியில் அவரை நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போகிறார். முதல் கட்டுரைக்கு இவ்வளவு சிக்கலான அமைப்பு வேண்டாம். காலவரிசையில் நேராகச் சொல்லுங்கள். நேராகச் சொல்லப் பழகியவர்கள்தான் பின்னால் வரிசையை மாற்ற முடியும்.

படி 8: தாண்டக் கூடாத கோடு

1980 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழில் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். நகரமே பதறியது, போலீஸ் அந்தச் சிறுவனைத் தேடியது. 1981 ஏப்ரலில் புலிட்சர் பரிசு கிடைத்தது. சில நாட்களில் உண்மை வெளியே வந்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை. பரிசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. 2018 டிசம்பரில் ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்', தன் பரிசு பெற்ற நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் பல கட்டுரைகளில் ஆட்களையும் சம்பவங்களையும் இட்டுக்கட்டியிருந்தார் என்று தானே அறிவித்தது. சந்தேகப்பட்டவர் அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்த ஹுவான் மொரேனோ. அவர் நேரில் போய், கட்டுரையில் இருந்தவர்களைப் பார்த்து விசாரித்து நிரூபித்தார்.

இட்டுக்கட்டிய குக், ரெலோட்டியஸ் இரண்டு பேருமே நல்ல எழுத்துக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு காட்சி கொஞ்சம் குறைகிறது, ஒரு வசனம் இருந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசை நல்ல எழுத்துக்காரர்களுக்குத்தான் அதிகம் வரும். 1980-லேயே ஹெர்சி ஒரு கட்டுரையில், நாவலாசிரியர் இட்டுக்கட்டலாம், பத்திரிகையாளர் ஒருபோதும் இட்டுக்கட்டக் கூடாது என்று திட்டவட்டமாக எழுதினார். சேகரித்ததில் எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கலாம். இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? நான்கு பேர் வாழ்க்கையை ஒருவர் பெயரில் கலந்து எழுதாதீர்கள். ஒருவர் மனதில் நினைத்ததை எழுதினால், அவரே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். வெவ்வேறு நாளில் நடந்தவற்றை ஒரே நாளில் நடந்ததுபோல் காட்டாதீர்கள். பெயரை மாற்றியிருந்தால் "பெயர் மாற்றப்பட்டுள்ளது" என்று போடுங்கள். நீங்கள் நேரில் பார்க்காத காட்சி என்றால், யார் சொல்லித் தெரியும் என்பது வாசகருக்குப் புரியும்படி எங்காவது குறிப்பு இருக்கட்டும். சந்தேகமாக இருக்கும் விவரத்தை எடுத்துவிட்டால் கட்டுரை கொஞ்சம் வற்றலாம். வற்றட்டும்.

படி 9: திருத்தி அனுப்புவது

சத்தமாகப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியம் சரியில்லை. பிறகு பழக்கத்தில் வந்து விழுந்த சொற்களைத் தேடி எடுங்கள். "கண்கள் குளமாகின", "வறுமையின் பிடியில்", "சோகம் இழையோட நம்மிடம் பேசத் தொடங்கினார்" போன்றவை எந்த ஊருக்கும் எந்த ஆளுக்கும் பொருந்தும். அதனாலேயே அவை யாரையும் காட்டுவதில்லை. "அரசு கண் திறக்குமா?" என்று முடித்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கு முந்தைய பத்தி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கட்டுரை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே இது எங்கிருந்து வந்தது என்று பென்சிலால் குறியுங்கள்: நான் பார்த்தது, அவர் சொன்னது, அரசாணை, ரசீது. குறிக்க முடியாத வரி போகட்டும். பெயரின் எழுத்து, வயது, ஊர், கூலி ஆகியவற்றைப் போன் செய்து சம்பந்தப்பட்டவரிடம் ஒரு தடவை படித்துக் காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

இதழ் வந்ததும் ஒரு பிரதியை உப்பளத்துக்கு எடுத்துப்போய் அவர் கையில் கொடுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். "இது அப்படி இல்லையே தம்பி" என்று எதையாவது சொன்னால் குறித்துக்கொண்டு, அன்றைக்கே ஆசிரியரிடம் சொல்லி, அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லுங்கள்.